ஒன்பது வயதில் அரியணை: ஆறாம் எட்வர்ட் காலத்தில் உத்தரவு போட்டது யார்?

ஏடுபுரட்டி எழுதியது:

இங்கிலாந்து அரசர் எட்டாம் ஹென்றியின் கல்யாணங்களைப் பற்றி இங்கே பேசிப் பேசி ஓய்ந்துவிட்டோம். முதல் மனைவியைத் தள்ளிவைத்தார், போப்போடு முறித்துக்கொண்டார், இரண்டாம் மனைவியின் தலையை எடுத்தார். கேட்டால் எல்லாம் ஓர் ஆண் வாரிசுக்காக. சரி, வாரிசு வந்தான். 1537 அக்டோபர் 12இல் ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையில் எட்வர்ட் பிறந்தான். 12 நாளில் தாய் ஜேன் சீமோர் இறந்துபோனார். அதற்கு அப்புறம் நாம் எல்லோரும் ஒரே தாவாக அவன் அக்காமார் மேரி, எலிசபெத் என்று போய்விடுகிறோம். நடுவில் ஆறரை ஆண்டு ஒரு பையன் அரசனாக இருந்ததே மறந்துபோகிறது.

1547 ஜனவரி 28இல் ஹென்றி கண்ணை மூடும்போது பையனுக்கு வயது 9. இப்படி ஆகும் என்று ஹென்றிக்குத் தெரியாமல் இல்லை. 1546 டிசம்பர் 30 தேதியிட்ட உயிலில் 16 பேரை நியமித்திருந்தார். எட்வர்டுக்கு 18 வயது நிறையும் வரை அந்த 16 பேரும் கூடிப் பேசி, பெரும்பான்மை எப்படியோ அப்படி நாட்டை நடத்த வேண்டும். அவர்களுக்குத் தலைவர் என்று ஒருவரும் கிடையாது. யாரையும் நம்பாத பணக்காரக் கிழவர் எழுதிய உயில் போலவே இருக்கிறது.

ஆனால் ஜனவரி 31 அன்றே பையனின் தாய்மாமன் எட்வர்ட் சீமோர் 'பாதுகாவலர்', அதாவது பையன் பெயரால் நாட்டை ஆள்பவர், ஆகிவிட்டார். ஏறக்குறைய 38 ஆண்டு நாட்டை நடுங்கவைத்த மனிதரின் உயில் மூன்று நாள்கூடத் தாங்கவில்லையே, அது எப்படி?

கோட்டைவாசல் எழுதியது:

அந்த மூன்று நாளையும் மெதுவாக ஓட்டிப் பார்த்தால் பதில் கிடைத்துவிடும்.

ஹென்றி இறந்த செய்தியை வெளியே விடவில்லை. அரசருக்குப் போகும் சாப்பாடு வழக்கம் போல எக்காளம் ஊதி உள்ளே போய்க்கொண்டிருந்தது என்பார்கள். இந்தப் பக்கம் சீமோர் குதிரையேறி ஹெர்ட்ஃபர்டுக்கு விரைந்தார். பையன் அங்கேதான் இருந்தான். கூடவே ஆன்டனி பிரவுன் என்ற அரசவைக்காரரும் போனார். பையனை என்ஃபீல்டுக்குக் கூட்டிவந்து, அங்கே இருந்த எலிசபெத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் அப்பா இறந்ததைச் சொன்னார்கள்.

அதே நேரத்தில் லண்டனில் செயலர் வில்லியம் பேஜெட் மற்றவர்களிடம் பேசிக்கொண்டிருந்தார். உயிலில் எதை வெளியிடலாம், எதை இப்போதைக்கு மூடிவைக்கலாம் என்று சீமோரும் பேஜெட்டும் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். கவனியுங்கள்: ஒருவர் கையில் பையன், இன்னொருவர் கையில் உயில். மீதி 14 பேர் கையில் என்ன இருந்தது?

அவர்களைச் சரிக்கட்டவும் உயிலிலேயே வழி இருந்தது. அரசர் வாக்களித்து இன்னும் கொடுக்காத வெகுமதிகளைக் கொடுத்துவிடலாம் என்று ஒரு பிரிவு. யாருக்கு என்ன வாக்களித்தார்? அதற்குப் பேஜெட்தான் சாட்சி. பிப்ரவரியில் பட்டங்கள் மழையாகப் பொழிந்தன. சீமோர் சாமர்செட் டியூக் ஆனார். ஜான் டட்லி வார்விக் ஏர்ல், ரையத்ஸ்லி சவுத்தாம்டன் ஏர்ல். பிறகு அந்த ரையத்ஸ்லி முரண்டு பிடித்ததும், அரசு முத்திரையை முறையில்லாமல் பயன்படுத்தினார் என்று மார்ச்சிலேயே, அந்த முத்திரையை வைத்திருக்கும் சான்சலர் பதவியைப் பிடுங்கிவிட்டார்கள். அதே மார்ச்சில், அரசரின் ஆலோசனைக் குழுவான கவுன்சிலில் யார் இருக்க வேண்டும் என்று முடிவுசெய்யும் அதிகாரத்தையும் பையனின் பெயரால் சாமர்செட் எழுதி வாங்கிக்கொண்டார். இனிமேல் 16 பேர் என்ன, 60 பேர் இருந்தாலும் ஒன்றுதான்.

நல்லினி எழுதியது:

அண்ணா, அந்த உயிலே ஹென்றி கைப்பட ஒப்பமிட்டது இல்லையே? அரசரின் கையெழுத்தை அச்சாகச் செய்து தாளில் மையில்லாமல் அழுத்துவார்கள். பதிந்த பள்ளத்தின் மேல் எழுத்தர் மை தடவுவார். கடைசிக் காலத்தில் ஹென்றியின் தாள்கள் நிறைய இப்படித்தான் போயின, உயிலும் அப்படித்தான். பிற்பாடு ஸ்காட்லாந்துக்காரர்கள் இதைப் பிடித்துக்கொண்டு உயில் செல்லாது என்று வாதாடினார்கள், அவர்கள் வம்சத்தை அது ஒதுக்கிவிட்டதால். எனவே உயிலை மீறினார்கள் என்பதைவிட, உயில் எழுதும்போதே சிலர் கை உள்ளே இருந்ததா என்றும் கேட்க வேண்டும்.

இன்னொரு சந்தேகம். அந்தக் கிழட்டு நார்ஃபோக் டியூக் இதில் எங்கே? பழைய கத்தோலிக்க மதக்காரர்களில் பெரிய தலை அவர்தானே?

கோட்டைவாசல் எழுதியது:

லண்டன் டவர் கோட்டைச் சிறையில். மகன் சர்ரே ஏர்லை ஜனவரி 19இல் வெட்டியாயிற்று. அப்பாவுக்கும் சாவு குறித்தாயிற்று. ஹென்றி முந்திக்கொண்டு செத்ததால் கழுத்து தப்பியது. அவர் கதையில் ஒரு வேடிக்கை இருக்கிறது, கடைசியில் நினைவூட்டுங்கள். உயிலைப் பற்றிச் சொன்னது நியாயமான கேள்வி.

வழக்கேடு எழுதியது:

எல்லோரும் மாமனைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறீர்கள். சட்டத்தை யாரும் பார்க்கவில்லை. அதில்தான் முடிச்சே இருக்கிறது.

இங்கிலாந்துப் பொதுச் சட்டப்படி அரசர் 'சிறார்' ஆகவே முடியாது. உடம்பால் ஒன்பது வயதுப் பையன், பதவியால் முழு அரசர். அந்தப் பதவிக்கு வயதில்லை, நோயில்லை, சாவும் இல்லை. எலிசபெத் காலத்தில், 1560களின் தொடக்கத்தில், எட்வர்ட் சிறுவயதில் கொடுத்த ஒரு நிலக் குத்தகை செல்லுமா என்று வழக்கே வந்தது. லங்காஸ்டர் டச்சி நிலம் அது. செல்லும் என்று நீதிபதிகள் சொல்லிவிட்டார்கள்.

இது சாமர்செட்டுக்கு எவ்வளவு வசதி பாருங்கள். பையன் கையெழுத்திட்டால் போதும், அது முழு அரசாணை. எதிர்ப்பவர்கள் பாடு திண்டாட்டம். வின்செஸ்டர் பிஷப் ஸ்டீபன் கார்டினர் என்ன சொன்னார்? ஹென்றி வைத்துவிட்டுப் போன மதத்தை அப்படியே வைத்திருங்கள், பையன் பெரியவனாகி அவனே முடிவு செய்யட்டும். இளவரசி மேரியும் இதையேதான் சொன்னார். கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் கொஞ்சம் நீட்டினால், இப்போது இருப்பவன் முழு அரசன் இல்லை என்று ஆகிவிடும். அது ராஜத்துரோகத்தின் வாசல்படி. 1548 ஜூன் 29இல் அரசர் முன்னால் பிரசங்கம் செய்த கார்டினர், கவுன்சிலின் அதிகாரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை. மறுநாளே டவருக்கு அனுப்பினார்கள்.

கார்டினர் கட்சிக்கு ஒரு சட்ட ஆதாரமும் இருந்தது. 1536இல் ஹென்றியே போட்ட சட்டம்: சிறுவயதில் பட்டத்துக்கு வருபவர், தனக்கு 24 வயது ஆவதற்குள் நிறைவேறிய சட்டங்களைப் பிறகு ரத்து செய்யலாம். எட்வர்டின் முதல் நாடாளுமன்றம் 1547 இறுதியில் கூடியபோதே அந்தச் சட்டத்தைத் திருத்திவிட்டார்கள். பின்னே, பதினான்கு ஆண்டு கழித்துப் பையன் எல்லாவற்றையும் திருப்பிப் போட்டால், மடங்களைக் கலைத்தபோது பெரிய மனிதர்கள் வாங்கிய நிலமெல்லாம் என்ன ஆவது?

தாமரைக்குளம் எழுதியது:

ஐயா, சட்டம் சரி. ஆனால் 1483இல் ஐந்தாம் எட்வர்டுக்கும் இதே சட்டம்தான் இருந்தது. 12 வயது, ஏப்ரலில் பட்டம், ஜூனில் சித்தப்பா ரிச்சர்ட் அரியணையில். பையனும் தம்பியும் டவருக்குள் போனவர்கள் வெளியே வரவில்லை. 1547இல் கவுன்சிலில் இருந்த பெரிசுகளுக்கு அது தாத்தா காலத்துக் கதை. 'குழந்தை அரசனாகும் தேசமே, உனக்கு ஐயோ' என்ற பைபிள் வசனத்தை லாட்டிமர் என்ற பிரசங்கி எட்வர்ட் முன்னாலேயே எடுத்துப் பேசிச் சமாதானம் சொல்ல வேண்டியிருந்தது என்றால், ஊரில் அந்த வசனம் எவ்வளவு ஓடியிருக்க வேண்டும்!

இந்த முறை தந்தைவழிச் சித்தப்பா யாரும் இல்லை. தாய்மாமன்கள்தான். தாய்மாமனுக்கு அரியணையில் உரிமை இல்லை, எனவே பையனைக் கொன்று லாபமில்லை. பையன் உயிரோடு இருக்கும் வரைதான் அவர்களுக்கு வாழ்வு. அதனால் ஆபத்து வேறு வடிவில் வந்தது. மாமன் ஒருவர் இல்லை, இரண்டு பேர்!

சின்ன மாமன் தாமஸ் சீமோர், கடற்படைத் தலைவர். ஹென்றியின் விதவை கேத்தரின் பாரை அவசர அவசரமாக ரகசியக் கல்யாணம் செய்துகொண்டவர். அண்ணன் நாட்டுக்குப் பாதுகாவலராக இருக்கட்டும், பையனுக்குக் காப்பாளர் நான் என்பது அவர் வழக்கு. வெறும் பேராசை என்று தள்ள முடியாது. ஆறாம் ஹென்றி குழந்தையாக இருந்தபோது அந்த இரண்டு பொறுப்பும் தனித்தனி ஆட்களிடம் இருந்ததைப் பழைய ஏடுகளில் தேடி எடுத்து வைத்திருந்தார்.

பையனைப் பிடிக்க அவர் போட்ட தூண்டில் கைச்செலவுக் காசு. பெரிய மாமன் கை இறுக்கம். சின்ன மாமன் அந்தரங்க அறைப் பணியாள் ஜான் ஃபௌலர் மூலம் ரகசியமாகப் பணம் அனுப்பினார். ஆசிரியருக்கு, வேலைக்காரருக்கு வெகுமதி கொடுக்கக்கூடக் கையில் காசில்லாத அரசன்! பையன் வாங்கிக்கொண்டான். ஆனால் தன் கோரிக்கையை ஆதரித்து நாடாளுமன்றத்துக்கு ஒரு கடிதம் எழுதித் தா என்று தாமஸ் கேட்டபோது, ஆசிரியர் ஜான் செக்கிடம் கலந்துவிட்டு மறுத்துவிட்டான். வயது 10. காசு வேறு, கையெழுத்து வேறு என்று அந்த வயதில் தெரிந்திருக்கிறது.

நல்லினி எழுதியது:

நாய்க் கதையை விட்டுவிட்டீர்களே! 1549 ஜனவரியில் ஓர் இரவு ஹாம்ப்டன் கோர்ட்டில் பையனின் படுக்கையறைப் பக்கம் துப்பாக்கியோடு நுழைந்து, குரைத்த செல்ல நாயைச் சுட்டுவிட்டார். அத்தோடு தீர்ந்தது. 33 குற்றச்சாட்டுகள், திறந்த விசாரணை இல்லை, நாடாளுமன்றச் சட்டம் போட்டு மார்ச் 20இல் தலை போனது. எலிசபெத்தோடு அவர் நடந்துகொண்ட விதம் வேறு…

மட்டுறுத்துநர் எழுதியது:

எலிசபெத் – தாமஸ் சீமோர் விவகாரத்துக்குத் தனி இழை இருக்கிறது. அது 400 பதிவைத் தாண்டிவிட்டது. இங்கே வேண்டாம்.

கோட்டைவாசல் எழுதியது:

தம்பியின் மரண ஆணையில் அண்ணன் கையெழுத்திட்டதை ஊர் மறக்கவில்லை. அந்தக் கோடையிலேயே சாமர்செட்டின் காலடியும் ஆடத் தொடங்கியது.

1549இல் இரண்டு பெரிய கிளர்ச்சி. இரண்டுக்கும் காரணம் வேறு. மேற்கே டெவன், கார்ன்வாலில் புதிய ஆங்கில வழிபாட்டு நூலை எதிர்த்து எழுந்தார்கள். சாம்ப்ஃபர்ட் கோர்ட்னி என்ற ஊரில் ஒரு ஞாயிறு புது முறையில் பூசை நடந்தது, மறுநாளே மக்கள் பாதிரியாரைப் பழைய உடுப்பைப் போடவைத்து லத்தீனில் பூசை செய்யச் சொன்னார்கள். கிழக்கே நார்விச் பக்கத்தில் ராபர்ட் கெட் தலைமையில் மவுஸ்ஹோல்ட் மேட்டில் ஆயிரக்கணக்கானவர்கள் கூடினார்கள். அவர்கள் கோபம் நிலக்கிழார்கள் மேல். பொது மேய்ச்சலை வளைப்பது, வாடகை ஏற்றுவது, நாணயத்தில் வெள்ளியைக் குறைத்ததால் விலைவாசி ஏறியது, இப்படிப் பல.

அதில் என்னை நிறுத்திய விஷயம்: கெட்டின் ஆட்கள் தங்களைக் கிளர்ச்சிக்காரர்கள் என்றே நினைக்கவில்லை. ஒரு கருவேல மரத்தடியில் உட்கார்ந்து அரசர் பெயரால் உத்தரவு கொடுத்தார்கள், வழக்கு விசாரித்தார்கள். அரசர் குழந்தை, நல்லவர், சுற்றியிருக்கும் பெரிய மனிதர்கள்தான் திருடர்கள். பாதுகாவலர் வேலிகளைப் பற்றி விசாரிக்க ஆணையர்களை அனுப்பினாரே, அவர் நம் பக்கம்தான். இதுதான் அவர்கள் கணக்கு. பையன் பெயரால் சாமர்செட் ஆளலாம் என்றால் நாங்கள் ஏன் கூடாது? கடைசியில் ஆகஸ்ட் 27இல் டஸ்ஸின்டேலில் வார்விக் ஏர்ல் ஜான் டட்லியின் படை அவர்களை வெட்டிச் சாய்த்தது.

கையில் வெற்றிப் படையோடு லண்டன் திரும்பியவர் வார்விக். கவுன்சிலில் கோபத்தோடு காத்திருந்தவர்கள் நிறைய. அக்டோபர் 6 இரவு சாமர்செட் என்ன செய்தார் தெரியுமா? பையனைத் தூக்கத்திலிருந்து எழுப்பி ஹாம்ப்டன் கோர்ட்டிலிருந்து வின்ட்சர் கோட்டைக்குக் கொண்டுபோனார். பையனுக்குச் சளி. சிறையில் இருப்பது போல இருக்கிறது, உலாவத் தோட்டம்கூட இல்லை என்று முனகியிருக்கிறான். ஐந்தாம் நாள் சாமர்செட் கைது.

1547இல் பையனை முதலில் போய்ப் பிடித்து ஆட்சிக்கு வந்தவர், 1549இல் அதையே திரும்பச் செய்து ஆட்சியை இழந்தார். இரண்டாம் முறை அது கடத்தல் போலத் தெரிந்தது.

ஏடுபுரட்டி எழுதியது:

அப்படியென்றால் எட்வர்ட் வெறும் பொம்மைதானா? நான் படித்த பள்ளிப் புத்தகத்தில் 'நோயாளிச் சிறுவன்' என்று ஒரே வரி.

தாமரைக்குளம் எழுதியது:

நோயாளிப் பட்டம் கடைசி ஒன்றரை ஆண்டை வைத்து ஒட்டியது. அதற்கு முன் வேட்டை, வில், குதிரை என்று சாதாரணப் பையனாகத்தான் இருந்தான்.

பொம்மையா என்றால், அவன் கைப்பட எழுதிய நாட்குறிப்பு இருக்கிறது. 1552 ஜனவரி 22இல் பெரிய மாமன் சாமர்செட்டை டவர் ஹில்லில் வெட்டினார்கள். அன்றைய குறிப்பு: சாமர்செட் டியூக்கின் தலை காலை எட்டுக்கும் ஒன்பதுக்கும் இடையில் டவர் ஹில்லில் வெட்டப்பட்டது. அவ்வளவுதான். சொந்தத் தாய்மாமன்! மனசே இல்லாதவன் என்று சிலர் சொல்வார்கள். அந்தக் குறிப்பேட்டை ஆசிரியர்களும் கவுன்சில்காரர்களும் எட்டிப் பார்ப்பார்கள் என்று தெரிந்த பையன் வேறு எப்படி எழுதுவான் என்று எனக்குத் தோன்றுகிறது.

மதத்தில் பொம்மை இல்லை, நிச்சயமாக. அக்கா மேரி தன் வீட்டில் லத்தீன் பூசையை நிறுத்த மறுத்தபோது அவரை விரட்டியதில் பையனின் பங்கு பெரியது. 1551 மார்ச்சில் மேரி லண்டனுக்கு வந்தபோது கூட வந்த பரிவாரம் முழுக்க ஜெபமாலை. மேரியின் உறவினர் பேரரசர் ஐந்தாம் சார்லஸ் போர் மிரட்டல் விடுத்தார். கவுன்சில் தயங்கியது. விட்டுக்கொடுக்கத் தயங்கியவன் பையன்தான்.

வழக்கேடு எழுதியது:

ஒப்புக்கொள்கிறேன். இதை முதலில் புரிந்துகொண்டவர் வார்விக், அதாவது 1551 அக்டோபர் முதல் நார்தம்பர்லாந்து டியூக். பாதுகாவலர் என்ற பட்டத்தை அவர் தொடவே இல்லை. கவுன்சிலின் தலைவர் என்ற பதவியோடு நிறுத்திக்கொண்டார். பையனின் அந்தரங்க அறையைத் தன் ஆட்களால் நிரப்பினார். காசை மறுத்து ஆளப் பார்த்தவர் சாமர்செட். பையனைக் கவுன்சிலில் உட்காரவைத்து, ஆவணம் படிக்கவைத்து, பெரியவனாக நடத்தியே ஆண்டவர் நார்தம்பர்லாந்து. யார் கெட்டிக்காரர்?

ஆனால் அந்தக் கெட்டிக்காரத்தனம் 1553இல் அவரையே விழுங்கியது. பையன் சாகக் கிடக்கிறான். மேரி வந்தால் எல்லாம் தலைகீழ். எட்வர்ட் தன் கையால் ஒரு வாரிசு ஏற்பாடு எழுதுகிறான். முதலில், தன் அத்தையின் பேத்தி ஜேன் கிரேயை வைத்து, 'லேடி ஜேனின் ஆண் வாரிசுகள்' என்று எழுதியிருக்கிறான், பெண்களுக்குப் பட்டம் வேண்டாம் என்று. பிறகு பார்த்தால் ஆண் வாரிசு யாருக்கும் இன்னும் பிறக்கவே இல்லை, பிறக்கும்வரை காத்திருக்க நாளும் இல்லை. எனவே அதைத் திருத்தி 'லேடி ஜேனும் அவளது ஆண் வாரிசுகளும்' என்று ஆக்கினான். ஓரிரு சொல்லில் நாடு கைமாறியது. ஜேன் கிரேயின் கணவர் மே மாதத்தில்தான் மாப்பிள்ளை ஆனவர், நார்தம்பர்லாந்தின் மகன் கில்ஃபர்ட்.

தலைமை நீதிபதி எட்வர்ட் மான்டெகு நடுங்கிப்போனார். வாரிசு முறையை 1544ஆம் ஆண்டின் நாடாளுமன்றச் சட்டம் வகுத்திருக்கிறது, அரசர் தாளில் எழுதி அதை மாற்ற முடியாது, முயல்வதே துரோகம் என்றார். பையன் கடுமையாகக் கட்டளையிட்டான். மான்டெகு முன்கூட்டியே மன்னிப்புப் பத்திரம் கேட்டு வாங்கிக்கொண்டு எழுதிக்கொடுத்தார். நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் ஒப்பமிட்டார்கள். நீதிபதி ஜேம்ஸ் ஹேல்ஸ் மட்டும் மறுத்துவிட்டார். அவர் சீர்திருத்த (புராட்டஸ்டன்ட்) மதத்துக்காரர், மேரி வந்தால் அவருக்குத்தான் நஷ்டம் என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.

ஆறு ஆண்டு முழுக்க 'இது உண்மையில் அரசரின் விருப்பமா' என்று கேட்டார்கள். கடைசியில் பையன் தானே எழுதிய ஒரே பெரிய உத்தரவைச் சட்டம் தடுத்தது. எனக்கு இதைப் படிக்கும்போது ஒரு மாதிரி இருக்கும்.

ஏடுபுரட்டி எழுதியது:

அப்பாவின் உயில் மூன்று நாள். மகனின் ஏற்பாடு?

கோட்டைவாசல் எழுதியது:

ஜூலை 6இல் கிரீனிச்சில் எட்வர்ட் இறந்தான், வயது 15. 10ஆம் தேதி ஜேனை அரசி என்று அறிவித்தார்கள். 19ஆம் தேதி அதே கவுன்சில் மேரியை அறிவித்தது. கணக்கு நீங்களே போடுங்கள்.

நார்தம்பர்லாந்திடம் முத்திரை இருந்தது, டவர் இருந்தது, கவுன்சில் இருந்தது. மேரி மட்டும் கையில் இல்லை. அவர் நார்ஃபோக்குக்கு ஓடி, பிறகு சஃபோக்கில் ஃப்ராம்லிங்ஹாம் கோட்டையில் ஆள் சேர்த்துவிட்டார். 1547இல் சீமோர் ஹெர்ட்ஃபர்டுக்கு விட்ட குதிரையை 1553இல் நார்தம்பர்லாந்து தாமதமாக விட்டார்.

நல்லினி எழுதியது:

அண்ணா, நார்ஃபோக் கிழவர்?

கோட்டைவாசல் எழுதியது:

மறந்தே போனேன். எட்வர்டின் ஆட்சி முழுவதும் டவரிலேயே கிடந்தார். மேரி லண்டனுக்கு வந்ததும் ஆகஸ்டில் விடுதலை, வயது 80. அதே மாதம் 18ஆம் தேதி வெஸ்ட்மின்ஸ்டரில் நார்தம்பர்லாந்து மீது துரோக வழக்கு. அரசரின் பெருமுத்திரை இட்ட ஆணைப்படி நடந்தது எப்படித் துரோகமாகும் என்று நார்தம்பர்லாந்து கேட்டார். முறையான அரசரின் முத்திரை அல்ல என்று பதில் வந்தது. தலைமை தாங்கித் தீர்ப்புச் சொல்ல உட்கார்ந்திருந்தவர் நார்ஃபோக்.